ஏழாவது செமஸ்டரில் என்ன நடந்தது

என் மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். முதல் மூன்று வருடம் ஒழுங்காக இருக்கும். ஏழாவது செமஸ்டரில் எல்லாம் சரிந்து கிடக்கும், எட்டாவதிலும் அப்படியே. ஒன்பதாவதில் மறுபடி எழுந்து நிற்கும். படிக்கிறவரின் விரல் அந்தச் சரிவில் நிற்க, கண் மட்டும் நிமிர்ந்து என் முகத்துக்கு வரும். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லப் பழகுவதற்கு எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

இப்போது சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என்னைப் போலப் படிப்பின் நடுவில் நோயில் படுத்துவிட்ட பிள்ளைகள் சிலர், யார் மூலமாகவோ என் எண்ணை வாங்கி, "நீங்க அப்ளிகேஷன்ல என்னக்கா எழுதுனீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, வேலை தேடிய கதையைவிட அந்த ஆஸ்பத்திரி அறைதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

எங்களுக்குப் பூதலூர். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம், கடைத்தெருவில் ஒரு உரக்கடை. அம்மா வீட்டோடு. நான் ஒரே பிள்ளை. பன்னிரண்டாவது முடித்ததும் நுழைவுத் தேர்வு எழுதி, சென்னையில் ஐந்து வருடச் சட்டப் படிப்பில் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிறவர்தான். கோர்ட் வாசலையே மிதிக்காமல் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதித் தரும் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன, அதில் சேர்வதுதான் என் ஆசை என்பதை அப்பாவுக்குப் புரியவைக்கவே இரண்டு விடுமுறைகள் தேவைப்பட்டன. புரிந்த பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் அவரே விளக்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான்காம் வருட ஆரம்பத்தில் ஒருமுறை ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. எனக்கும் வந்தது, போனது. அதை நான் மறந்தே விட்டேன். கொஞ்ச நாள் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. நிறைய நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்ததால் என்று நினைத்தேன். ஒருநாள் வகுப்புக்குப் போகிற வழியில் என் அறைத்தோழி ஷாஹிதா பின்னால் இருந்து கூப்பிட்டாள். அவள் கையில் என் செருப்பு இருந்தது. காலைவிட்டுக் கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஒற்றைச் செருப்போடு நடந்து போயிருக்கிறேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த நாள் மாடிப்படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது. தீபாவளி லீவு நெருங்கிக்கொண்டிருந்ததால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயில் ஏறினேன். திருச்சியில் மாறிப் பாசஞ்சர் பிடித்து உட்காரும்வரை சரி. பூதலூரில் வண்டி நின்றபோது எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய கால்களோ போலக் கிடந்தன. வண்டி அங்கே அதிக நேரம் நிற்காது. மழை வேறு. அப்பா குடையோடு நடைமேடையில் நின்று பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக நான் "அப்பா, எந்திரிக்க முடியல" என்றேன். அவர் குடையை அப்படியே போட்டுவிட்டு ஏறி வந்து, மூட்டை தூக்கிப் பழகிய தோளில் என்னைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். பார்த்த ஒன்றிரண்டு பேரிடம் கால் சுளுக்கிவிட்டது என்று சொன்னார். அதுதான் முதல் பொய். சொல்லும்போது அவருக்கே அது பொய் என்று தெரிந்திருக்காது.

ஊர் டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டும். துள்ளவில்லை. இன்னொரு காலிலும் தட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கே தஞ்சாவூருக்குக் கூட்டிப் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்றார்.

தஞ்சாவூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தீபாவளிக்கு முந்தைய நாள் என்பதால் பாதி நாற்காலிகள் காலி. டிவியில் பட்டுப் புடவை விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பாதங்கள் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்க, அம்மா குனிந்து குனிந்து நேராக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு சோதனைகள் முக்கியமானவை. ஒன்றில், கை கால் நரம்புகளில் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணினியில் பார்க்கிறார்கள். இன்னொன்றில், பக்கவாட்டில் சுருண்டு படுக்கச் சொல்லி, கீழ் முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுக்கிறார்கள். கேட்பதற்குத்தான் பயம். ஊசியைவிட, அசையாமல் இருக்கச் சொல்லி என் தலையைப் பிடித்திருந்த நர்ஸ் தானே கண்ணை இறுக மூடிக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். பிறகு நாங்கள் நல்ல சிநேகிதமாகிவிட்டோம்.

நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம். நரம்பு டாக்டர் அப்பாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். மின்சார ஒயரின் மேல் ரப்பர் உறை இருக்கிற மாதிரி நரம்பின் மேலும் ஓர் உறை இருக்கிறது. வயிற்றில் வந்த கிருமியோடு சண்டை போட்ட உடம்பின் காவல் படை, சண்டை முடிந்த பிறகும் ஓயாமல், ஆள் தெரியாமல் இந்த உறையையே அரித்துக்கொண்டிருக்கிறது. பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறும். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், ஆனால் நாளாகும். மூச்சுவரைக்கும் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வாக்கியத்தை மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "இத நரம்பு வியாதின்னுதான் சொல்லணுமாங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் நரம்பு என்ற சொல்லுக்கே வேறு வாடை உண்டு. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நரம்புத் தளர்ச்சி என்று லாட்ஜ் வைத்தியர்கள் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு பெண்ணுக்கு நரம்புக் கோளாறு என்று ஊரில் சொன்னால், ஒன்று புத்தி சரியில்லை என்பார்கள், இல்லையென்றால் குழந்தை பிறக்காது என்பார்கள். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது கடைத்தெருவில் யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கே அப்பாவும் அம்மாவும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். நான் சென்னையில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் அம்மா அங்கே வந்து சமைத்துப் போடுகிறாள். பூதலூரிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தஞ்சாவூரில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்.

அது சம்பாப் பயிருக்கு மேலுரம் போடும் சமயம். வருடத்தில் கடை கொள்ளாத கூட்டம் வருவது அப்போதுதான். அப்பா ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிட்டார். போன் அடித்துக்கொண்டே இருக்கும். வராந்தாவுக்குப் போய், பொண்ணு காலேஜ் விஷயமா சென்னையில இருக்கேன், வேற கடையில வாங்கிக்கங்க, பயிர காயப்போடாதீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார். அப்படிப் போன வாடிக்கைகளில் சிலர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த முதல் சில நாட்கள்தான் மோசம். கை தளர்ந்தது. முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, இடது கண் முழுதாக மூடவில்லை, அதை டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். இம்யூனோகுளோபுலின் என்று ஒரு மருந்து, ஆயிரம் பேருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததாம், சொட்டுச் சொட்டாக ஏறும். அந்தக் காவல் படையைச் சமாதானப்படுத்துகிற மருந்து என்று டாக்டர் சொன்னார். அதன் விலையைக் கேட்டபோது அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்ததும், பரவாயில்லையே, நெனச்சதவிடக் கம்மிதான் என்றார்.

வேளைக்கு ஒருமுறை டாக்டர் வந்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். எத்தனைவரை போகிறோமோ அதை வைத்து நெஞ்சுத் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று கணிப்பார்களாம். எண்ணிக்கை இறங்கினால் செயற்கை மூச்சு மிஷின். நான் எண்ணும்போது கதவுக் கண்ணாடிக்கு வெளியே அம்மாவின் உதடுகளும் கூடவே அசையும். நான் நிறுத்திய பிறகும் அவள் உதடு இரண்டு மூன்று எண்கள் முன்னால் போய்விட்டுத்தான் நிற்கும். எனக்காக அவள் எண்ணிய அந்த மிச்ச எண்கள்.

மிஷின்வரை போகவில்லை. எண்ணிக்கை ஒருநாள் ஓரிடத்தில் நின்றது, பிறகு மெல்ல ஏறியது. மூன்றாவது மாடியில் ஒரு தனி அறைக்கு மாற்றினார்கள்.

அந்த அறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வெளிறிய பச்சைச் சுவர். ஒரு கட்டில், ஒரு சின்ன பெஞ்சு, பாய் விரிக்கத் தரையில் கொஞ்சம் இடம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் புது ஆறு தெரியும், கல்லணையிலிருந்து வருகிற கால்வாய்தான். அடைமழையில் செம்மண் நிறத்தில் கரை தட்டிப் போய்க்கொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் அப்பா ஜன்னலைத் திறந்து, தண்ணி ஏறிருக்கு, தண்ணி எறங்கிருக்கு என்று சொல்வார். என்னால் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. அவர் சொல்வதுதான் எனக்கு ஆறு.

பள்ளிக்கூட நாட்களில் அப்பா கடை, வயல் என்று அலைவார். அம்மா அடுப்படியில் இருப்பாள். பிறகு நான் ஹாஸ்டல். மூன்று பேரும் ஒரே அறையில், வேறு வேலையே இல்லாமல், நாள் முழுக்க இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அம்மா காண்டீன் சாம்பாரைக் குறை சொல்வாள். அப்பா அதை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவார். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் என்பது எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. அப்பாவுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. "நீ சொல்லவே இல்லையே" என்றார். "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். கோபமெல்லாம் இல்லை, சும்மாதான் சொன்னாள்.

ஒருநாள் அம்மா துணி எடுத்து வர ஊருக்குப் போயிருந்தபோது, படுத்துப் படுத்துச் சிக்கேறிப் போன என் தலையை அப்பா வாரிவிட்டார். நுனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, கயிறு திரிப்பது போலக் கவனமாகப் பின்னினார். பின்னல் ஒரு காதுக்கு மேல் ஆரம்பித்து இன்னொரு தோளில் முடிந்தது. டாக்டர் வந்தபோதும் அப்படியேதான் இருந்தேன். அம்மா திரும்பி வந்து பார்த்துவிட்டு, அவிழ்க்காமல், மறுநாள்வரை அப்படியே விட்டுவைத்தாள்.

ஷாஹிதாவுக்கு மட்டும் உண்மை தெரியும். தினமும் வகுப்பு முடிந்ததும் அன்றைக்கு நடந்த பாடத்தைப் பேசி, குரல் பதிவாக அனுப்புவாள். பின்னணியில் மின்விசிறிச் சத்தம், யாரோ கதவு தட்டுவது எல்லாம் கேட்கும். எனக்குப் புத்தகம் பிடிக்கக் கை வராது என்பதால் அப்பா போனை என் காதருகே வைத்துக்கொண்டு அவரும் கேட்பார். பதிவு இல்லாத நாட்களில் சிவில் நடைமுறைச் சட்டப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி அவரே படித்துக் காட்டுவார். அவர் படித்த ஆங்கிலம் அப்படி. ஒருமுறை, எதிர்த்தரப்பு வராவிட்டால் வந்தவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிடுவது பற்றிய பகுதி வந்தது. பாதியில் நிறுத்தினார்.

"வராதவன் ஒடம்பு முடியாமக் கெடந்தான்னா?"

வாய் கோணியிருந்ததால் எனக்கு வார்த்தை குழறும். "அப்பறமா வந்து சொல்லலாம்ப்பா. காரணம் சரின்னு பட்டா தீர்ப்ப ரத்து பண்ணிட்டுத் திரும்ப விசாரிப்பாங்க."

"அப்ப நல்ல சட்டந்தான்" என்று சொல்லிவிட்டு மேலே படித்தார்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகும் ஊருக்குப் போகவில்லை. ஊர் பார்த்துவிடும். தஞ்சாவூரிலேயே கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வீடு பிடித்தோம். பிலோமினா என்ற பிசியோதெரபிஸ்ட் தினமும் வருவார். கண்டிப்பான அம்மாள். வலிக்கிறது என்றால், வலிச்சா நரம்புக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம், இன்னொரு தடவ பண்ணு என்பார். உறை மீண்டும் வளரும்போது ஊசி குத்துவது போல, தீ வைத்தது போல வலிக்கும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. குழந்தை போல உட்கார, பிறகு சுவரைப் பிடித்து நிற்க, பிறகு வாக்கரில் நடக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் திரும்பி வந்தது மூச்சு, பிறகு முகம், பிறகு கால். விரல்கள்தான் கடைசி.

சிக்கல் அங்கேதான். கல்லூரிக்குக் காலில் அடி என்றுதான் சொல்லியிருந்தோம். ஒரு வருடம் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம் என்று அங்கே சொன்னார்கள். அப்படி நிறுத்தினால் ஊருக்கு என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது. எனக்கும் ஷாஹிதாவையும் வகுப்பையும் விட மனசில்லை. கைத்தடியோடு எட்டாவது செமஸ்டரில் திரும்பிப் போனேன். எழுதாமல் விட்ட ஏழாவது செமஸ்டர் தேர்வுகளையும் அதோடு சேர்த்து எழுதினேன். பதில் தெரியும். பேனா நிற்காது. முதல் பத்துப் பக்கம் எழுதியதும் விரல்கள் விரிந்துகொள்ளும். இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுவேன். மணி அடிக்கும்போது மிச்சக் கேள்விகள் வெள்ளைத் தாளாகவே இருக்கும். எழுத ஆள் வைத்துக்கொள்ளக் கேட்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கேட்டிருந்தால் எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கும். மறைத்து மறைத்து எனக்கும் பழகிவிட்டிருந்தது.

ஐந்தாம் வருடம் வேலைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தது. சட்ட நிறுவனங்கள் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணைத்தான். விண்ணப்பத்தில், உங்கள் கல்விப் பதிவில் விளக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கட்டம் இருக்கும். முதலில் அதைக் காலியாக விட்டேன். ஒரு பதிலும் வரவில்லை. அடுத்து, தனிப்பட்ட காரணங்கள் என்று எழுதினேன். ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். நேர்காணல் நடத்தியவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, தனிப்பட்ட காரணம் எல்லோருக்கும்தான் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பிவிட்டார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். காதல், சண்டை, ஊர் சுற்றல். அப்படித்தான் அந்தச் சொல் படும்.

அன்றிரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். ரயில், ஊசி, கண்ணில் ஒட்டிய டேப். பக்கம் பக்கமாகப் போயிற்று. ஷாஹிதா படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "எனக்கே அழுக வருது. ஆனா பாவம்னு யாரும் வேல குடுக்க மாட்டாங்கடி. என்ன ஆச்சு, எப்ப சரியாச்சு, அதுக்கப்பறம் நீ என்ன பண்ண, அத மட்டும் சொல்லு. டாக்டர் லெட்டர் வை."

டாக்டர் கடிதத்துக்குத் தஞ்சாவூர் போக வேண்டும். அதற்கு முன்னால் அப்பாவிடம் பேச வேண்டும். கடையில் மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் மறைத்துக் காத்ததை நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா, எழுதியது எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும், பேசாமல் இங்கேயே ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்துவிடேன் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவருடைய பயம் முழுக்க என்னைப் பற்றியதுதான்.

"எழுதலன்னா நான் ஒழுங்கா படிக்கல, ஊர் சுத்துனேன்னு ஆயிடுதுப்பா. நோவுல கெடந்தவன்னு சொன்னா பரவால்ல. சும்மா இருந்தவன்னு நெனைக்கிறாங்கல்ல, அதத்தான் தாங்க முடியல."

யாரோ பூச்சிமருந்து கேட்டு வந்தார்கள். அப்பா எடுத்துக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு, டாக்டரு பத்து மணிக்கு வந்துருவாரு" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிக்கொண்டிருக்கும்போது, அவளே நடந்து வந்தான்னும் போடுங்க சார் என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே, சுயமாக நடக்கிறார், எழுதுகிறார், எந்த வேலைக்கும் தடையில்லை என்று எழுதினார்.

நான் கடைசியாக எழுதியது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: 'நான்காம் ஆண்டில் கில்லன் பாரே சிண்ட்ரோம் என்ற நரம்பு நோயால் கை கால் செயலிழந்து மருத்துவமனையில் இருந்தேன். ஏழாம், எட்டாம் செமஸ்டர் தேர்வுகளை விரல்கள் முழுதாகத் தேறாத நிலையில் சேர்த்து எழுதினேன். அதற்கு முந்தைய, பிந்தைய மதிப்பெண்களே என் படிப்பைச் சரியாகக் காட்டுகின்றன என்று நம்புகிறேன். இப்போது குணமாகிவிட்டேன். மருத்துவரின் கடிதம் இணைத்துள்ளேன்.'

இதை எழுதினால் வேலை கிடைத்துவிடும் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். எழுதிய பிறகும் பல இடங்கள் பேசாமல்தான் இருந்தன. ஓரிடத்தில் மிக மரியாதையாக, உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஒன்று மாறியது. நேர்காணல் அறைக்குள் நுழையும்போது வருகிற அந்தப் பயம் போய்விட்டது. கேட்கக்கூடியதை நானே சொல்லிவிட்டேன்.

இப்போது நான் இருக்கும் நிறுவனத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர், முழுசா சரியாயிட்டீங்களா என்று கேட்டார். இடது கால் சுண்டுவிரலில் இன்னும் உணர்ச்சி குறைவு, நெடுநேரம் கையால் எழுதினால் சோர்ந்துபோகும், தட்டச்சு செய்வதில் தொந்தரவு இல்லை என்று உள்ளபடி சொன்னேன். பக்கத்தில் இருந்த நரைத்த தலை அம்மாள் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு கிடங்கு வாடகை ஒப்பந்தத்தை என் முன்னால் தள்ளி, படிச்சுப் பாருங்க என்றார்.

படித்தேன். ஒரு பத்தியில், யார் வேண்டுமானாலும் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்று இருந்தது. பின்னால் இன்னொரு பத்தியில், ஐந்து வருடத்துக்கு யாரும் விலகக் கூடாது என்று இருந்தது. இரண்டும் ஒன்றாக நிற்காது என்று சொல்லிவிட்டு, நாம யாருக்காக எழுதுறோம், வாடகைக்கு விடறவங்களுக்கா, எடுக்கறவங்களுக்கா என்று கேட்டேன். அந்த அம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து நன்றாகப் பார்த்தார். பிறகு அரை மணி நேரம் அந்த ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும்தான் பேசினோம். நோயாளியாகவும் இல்லாமல், மதிப்பெண் குறைந்தவளாகவும் இல்லாமல், ஒரு வேலையைப் பற்றி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு சுகம் என்பது இரண்டு வருடம் அது இல்லாமல் இருந்தவளுக்குத்தான் தெரியும். வேலைக்கான கடிதம் வந்த அன்றைக்கு அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

வேலையில் சேர்ந்த சில மாதம் கழித்து, திருக்கடையூரில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். சொந்தம் முழுக்க வந்திருந்தது. பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் நான். எதிர் வரிசையில் பட்டுக்கோட்டை மல்லிகா அத்தை, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. எங்களுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு மாமா, என்னம்மா, ரெண்டு வருஷமா ஒரு நல்லது கெட்டதுக்கும் ஒன்னக் காணோமே, சென்னை அவ்வளவு பிடிச்சுப்போச்சா என்று கேட்டார். நான் வழக்கமான பதிலுக்கு வாயெடுத்தேன்.

"அவ சென்னையில இல்ல. தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரில கெடந்தா" என்றார் அப்பா.

பரிமாறிக்கொண்டிருந்தவரின் கரண்டி ஒரு நொடி நின்றது. அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பத்திலிருந்து சொன்னார். கிள்ளாம்பாறை என்று நோயின் பெயரைச் சொன்னார், ஏதோ மலையடிவாரத்து ஊர் மாதிரி. ஒயர், ரப்பர் உறை, காவல் படை எல்லாம் வந்தது. நரம்பு வியாதிதான், ஆனா நீங்க நெனைக்கிற நரம்பு இல்ல என்றார். நடுவில் நிறையத் தப்பும் தவறுமாகச் சொன்னார். நான் எதையும் திருத்தவில்லை. அவர் சொல்லிக் கேட்பது எனக்கு அப்போதுதான் முதல் தடவை. அம்மா தூரத்தில் இன்னொரு வரிசையில் இருந்தாள், இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள், கண்ணைத் துடைக்க மட்டும் ஒருமுறை கை உயர்ந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மல்லிகா அத்தை என் முழங்கையைப் பிடித்தார். அதுவரை, தன் மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான், லீவுக்கு வந்திருக்கிறான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபத்தின் ஓரத்தில் காலியாக இருந்த நாற்காலிகளுக்கு என்னை இழுத்துப் போனார். "பரீச்ச எழுதலம்மா அவன். காலேஜ்ல காரணம் சொன்னா எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

"எழுதிப் பாப்போம் அத்த. மொதல்ல அவனுக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து, கிட்னியில என்று ஆரம்பித்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்த அப்பா, ஒரு நாற்காலியை இழுத்து எங்கள் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"மெதுவா எதுக்குப் பேசுற மல்லிகா? சத்தமாவே சொல்லு" என்றார்.